கின்ரிக் பாடியது

இன்னொரு தரம் இவன் ‘அக்கா’ என்று இழுத்தால் இந்தச் சட்டித் தண்ணீரை இவன் தலையில் கவிழ்த்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டே, கெனெரிஸ் அப்பாவின் வலது கையைத் தூக்கி அக்குளைத் துடைத்தாள். கவிழ்த்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. முகத்தை வழித்துவிட்டு மறுபடியும் ‘அக்கா’ என்பான். பதினாறு வருஷம் அப்பாவிடம் பாட்டுக் கற்றவன். அதைவிட நன்றாகக் காத்திருக்கக் கற்றவன்.

“அக்கா,” என்றான் டெய்யோ.

அவள் துணியைப் பிழிந்தாள். தேவைக்கு அதிகமாகவே பிழிந்தாள்.

“காது கேக்குது. சொல்லு.”

“மடத்துச் சாமி ஆத்தைத் தாண்டிட்டாராம். மத்தியானத்துக்குள்ள வந்துடுவாரு. வரும்போது மைக்கூடு, தோல்சுருள் எல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.”

“சாகறவருக்கு அவஸ்தை பூச எண்ணெய் போதுமே. மை எதுக்கு?”

டெய்யோ தரையைப் பார்த்தான். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அப்பாவின் பாதங்களைத் தடவிக்கொண்டிருந்த ஏவா சிரித்தாள். இந்தப் பள்ளத்தாக்கில் பிள்ளையைக் கையில் வாங்குவதும் பிணத்தைக் கழுவுவதும் அவள்தான். இரண்டுக்கும் ஒரே முகத்தோடுதான் வருவாள்.

“மை எதுக்குன்னு கேக்குறா பாரு. மத்தவன்லாம் மூச்சை விட்டாப் போதும்டி. கவிராயன் பாட்டை விட்டுட்டுத்தான் மூச்சை விடணும்.”

“அதைத்தான் சொல்ல வந்தேன்,” என்றான் டெய்யோ.

“தெரியும்டா. விடிஞ்சதுலேருந்து அதைச் சொல்லத்தான் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடக்குற. பாதை விழுந்துருச்சு தரையில,” என்றாள் ஏவா.

கெனெரிஸ் அப்பாவைப் பார்த்தாள். நான்கு நாள் முன்பு, மழையில் குதிரையிலிருந்து இறங்கும்போது சரிந்தவர். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. வாய் ஒரு பக்கமாக இழுத்து, யாரையோ நையாண்டி செய்வதுபோல் நின்றுவிட்டது. எப்போதாவது ஒரு சொல் வரும். உருட்டிவிட்ட கல்போல வந்து விழும். இடது கண் மட்டும் பழைய கண்ணாகவே இருந்தது. அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

“அவரோட ஆசான் கடைசிப் பாட்டு இல்லாமப் போகலை,” என்றான் டெய்யோ. குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி. “அந்த ஆசானோட ஆசானும் போகலை. படுக்கையில கிடந்துகிட்டு, கடவுளே, கூலிக்குப் புகழ்ந்தேன், குடிச்சேன், பொய் சொன்னேன், மன்னிச்சுக்கோன்னு ஒரு பாட்டு. சீடன் பக்கத்துல இருந்து காதால வாங்கி, அடக்கத்தன்னிக்குப் பாடணும். எட்னிவெட் பிரபு வர்றாரு. மூணு பள்ளத்தாக்குலேருந்து ஆள் வரும். நான் போய் நின்னு என்னத்தப் பாடறது? ஆசான் ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாருன்னா?”

“ஆமா, அப்படித்தானே நடக்குது,” என்றாள் கெனெரிஸ்.

“அக்கா. நாலு நாளைக்கு முன்னாடி சொல்லிக் குடுத்துட்டாருன்னு வெச்சுக்குவோம். பாட்டை நீ செய். நான் படிச்சுக்கறேன். நீ செய்யாததா?”

அவள் துணியைச் சட்டிக்குள் போட்டாள்.

நீ செய்யாததா. அதைச் சொல்லும்போது அவன் சங்கடப்படக்கூட இல்லை. பசு பால் கறப்பதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். ஆறு வருஷமாக அப்பாவின் ஞாபகம் ஓட்டைக் கூடையாகியிருந்தது. பாதிப் பாட்டில் மோனை நழுவும். மூன்றாம் அடியில் முதல் அடியை மறந்துவிடுவார். அப்போதெல்லாம் அவள்தான் செய்து கொடுத்தாள். எட்னிவெட் பிரபுவின் மகள் கல்யாணப் பாட்டு, படகு கேட்டுப் பாடிய பாட்டு, அடுத்த பள்ளத்தாக்குக் கவிராயனின் மூக்கை உடைத்த வசைப்பாட்டு. கடைசியாகச் சொன்னதற்கு விருந்துக்கூடமே மேசையைத் தட்டிச் சிரித்ததாம். அதையெல்லாம் அவள் கொடுத்தாள். வயதானவருக்குக் கஞ்சி ஊட்டுவதுபோல, அவர் வாயில் வைத்தாள். அதில் கோபம் இல்லை. ஊட்டுகிறவள் கிண்ணத்தில் பெயர் எழுதிக்கொண்டா இருப்பாள்?

கோபம் வேறு இடத்தில் இருந்தது. பதினோரு வருஷமாக ஒரே இடத்தில் இருந்தது.

“குதிரைச் சத்தம் கேக்குது. போய் சாமியைக் கூட்டிட்டு வா,” என்றாள்.

இத்தெல் சாமி நனைந்த ஆட்டைப்போல உள்ளே வந்தார். நெருப்புக்குப் பக்கத்தில் நின்று அங்கியைப் பிழிந்தார். எண்ணெய் பூசினார். பாவசங்கீர்த்தனம் கேட்டார்; அப்பா இடது இமையை மூடித் திறந்தார்; சாமி அதையே எல்லாப் பாவத்துக்கும் சேர்த்து ஏற்றுக்கொண்டார். பிறகு ஏவா கொடுத்த சூடான ஏல் மதுவையும் ஓட்ஸ் அடையையும் வாங்கிக்கொண்டு, சாமியும் டெய்யோவும் அடுப்போரம் போய் உட்கார்ந்தார்கள். ஏவா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

கட்டிலருகே கெனெரிஸ் மட்டும்.

ஏழு வயதில் இந்த மனிதரின் மடியில் உட்கார்ந்துதான் அவள் ஓசை கற்றாள். விரல் முட்டியால் அவள் முழங்காலில் தட்டுவார். தட்டுகிற இடத்தில் மெய்யெழுத்து திரும்பி வர வேண்டும். வரவில்லையென்றால் கொஞ்சம் பலமாகத் தட்டுவார். பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைவிட அவளுக்கு வேகமாக வந்தது. பன்னிரண்டு வயதில் நிறுத்திவிட்டார். ‘போதும்’ என்றார். அவ்வளவுதான். எதற்குப் போதும் என்று அவளும் கேட்கவில்லை. கல்யாணம் ஆயிற்று. கணவன் யாருக்காகவோ சண்டைக்குப் போனான். திரும்பவில்லை. அவள் மூன்று வயது மகன் ஹவெலைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தாள்.

ஹவெலுக்குப் பாலறைதான் உலகம். புதிதாகக் கடைந்த வெண்ணெயைத் தொட்டியில் அழுத்தி வைத்துவிட்டு அவள் திரும்புவதற்குள் நடுவில் விரலை விட்டிருப்பான். எத்தனை முறை அடித்தாலும். ஐந்தாவது வயதில், அறுவடை முடிந்த வாரத்தில், மூன்று நாள் காய்ச்சல். நான்காவது நாள் அவள் பாலறைக்குப் போனபோது தொட்டி அப்படியே இருந்தது. நடுவில் குழியும்.

அவள் அழவில்லை. அதைப் பார்த்து ஊர் என்னென்னவோ பேசியது. அவள் தாழியில் பாலை ஊற்றிக் கடைந்தாள். கடையும் தாளத்துக்குச் சொற்கள் வந்தன. நாலடி நாலடியாக நான்கு பாட்டு. யாருக்கும் இல்லை. தாழிக்கு. வெண்ணெயில் இருக்கிறது உன் விரல் போட்ட குழி; விலகி விலகி உப்பிடுகிறேன். அந்த ஆண்டு மார்கழிவரை தினமும் அதையே சொன்னாள். அதைச் சொல்லாவிட்டால் கை நகராது.

பாலறைக்கும் அப்பா படுக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு மரத்தட்டிதான்.

கிறிஸ்துமஸுக்கு எட்னிவெட் பிரபுவின் கூடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அவள் கீழ்க்கோடியில் பெண்களோடு உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். டெய்யோ எழுந்து யாழை மீட்டினான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். முதல் அடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் உள்ளாடையை யாரோ கம்பில் மாட்டிக் கூடத்தின் நடுவில் தூக்கிப் பிடித்தது போலிருந்தது. ‘மடி காலியான தாய்’ என்பது ‘தோள் காலியான கிழவன்’ ஆகியிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே. இல்லை, அப்படியே இல்லை. மூன்றாவது பாட்டில் அவளுக்கு உட்காராமல் ஆடிக்கொண்டிருந்த ஒரு அடியை அவர் சரி செய்திருந்தார். நன்றாக இருந்தது. அந்த அடி நன்றாக இருந்ததை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அவர் அழுதார். அது நடிப்பில்லை. பேரனை நினைத்துத்தான் அழுதார், அவள் சொற்களை வைத்துக்கொண்டு. பாடி முடித்ததும் டெய்யோ வழக்கம்போல அப்பாவின் பேரைச் சொன்னான்: “கின்ரிக் பாடியது.” பிரபுவின் மனைவி தன் கையாலேயே சிவப்பு மேலங்கி ஒன்றைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டாள். பக்கத்திலிருந்த பெண்கள் கெனெரிஸின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “உனக்குத்தான் கண்ணுல தண்ணி வரலை. உங்கப்பாவைப் பாரு, எப்படிப்பட்ட மனசு!”

மறுநாள் காலை அவள் பாலறைக்குப் போய்த் தாழியைப் பிடித்தாள். ஒரு சொல்லும் வரவில்லை. அவர் வாயில் போய்வந்த பிறகு அவை அவளுடையவையாக இல்லை. குழியை அன்றுதான் கையால் தேய்த்து மூடினாள்.

இன்றுவரை அவள் அவரிடம் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தது பயத்தாலா, கர்வத்தாலா என்று அவளுக்கே தெரியாது. இப்போது இடது கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“செய்,” என்றார் அப்பா. சொல் குழறிக்கொண்டு வந்தது. “எனக்கு... செய்.”

அவள் குனிந்தாள்.

“அப்பா. வெண்ணெய்ப் பாட்டு யாரோடது?”

கண் கொஞ்சம் விலகி மேலே கூரையைப் பார்த்தது. அங்கே புகை படிந்த உத்திரத்தைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு வாய் அசைந்தது.

“எல்லாம்... ஒரே வீடு.”

“கேட்டது அது இல்லை.”

“ஒரே... வீடுதானே.”

அவருக்கு அது பொய்யில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. ஆடு, பால், மகள், மகளின் மகன், மகளின் துக்கம், எல்லாம் இந்தக் கூரைக்குள் இருந்தது, கூரை அவருடையது. அவர் திருடவில்லை. தட்டிக்கு அந்தப்பக்கம் கையை நீட்டினார், அவ்வளவுதான். திருட்டு என்று தெரிந்து எடுத்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. திருடனுக்காவது அது அடுத்தவருடையது என்று தெரியும்.

வறண்டிருந்த அவர் உதட்டை நனைக்க மோர் வேண்டும். அவள் எழுந்து பாலறைக்குப் போனாள். டெய்யோ பின்னாலேயே வந்தான்.

“ஆசான் கேட்டுட்டாரு பாத்தியா. அவர் வாயாலயே கேட்டுட்டாரு.”

“கேட்டாரு.”

“அப்புறம் என்னக்கா?”

மோர்ப் பானையின் மூடியை அவள் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பதினோரு வருஷம் பல்லுக்குப் பின்னால் வைத்திருந்தது, இந்த வழுவழுப்பான ஆளிடம் வந்து அவிழ்ந்தது அவளுக்கே ஆச்சரியம்.

“வெண்ணெய்ப் பாட்டு என்னோடது. உங்க ஆசானோடது இல்லை. நான் இங்க நின்னு கடையும்போது கட்டினது. அவர் அந்தத் தட்டிக்குப் பின்னால படுத்துக்கிட்டுக் கேட்டு எடுத்துக்கிட்டாரு.”

டெய்யோவின் முகம் மாறவே இல்லை.

“தெரியும்க்கா.”

“என்ன தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும்.” அவன் கழுத்தைச் சொறிந்தான். “ஆசான் பாலறைக்குள்ள காலை வெச்சு யாராவது பாத்திருக்கோமா? பாட்டுக்காரங்க சேர்ந்து உட்கார்ந்தா அது ஒரு வேடிக்கை. கின்ரிக் எந்தக் கையால உப்புப் போட்டாருன்னு ஒருத்தன் கேப்பான். யாழ் வாசிக்கற கையாலயா, மது குடிக்கற கையாலயான்னு இன்னொருத்தன் கேப்பான். சும்மா சிரிப்புக்கு.”

“சிரிச்சீங்க.”

“உன்னைப் பாத்து இல்லைக்கா! அவரைப் பாத்து.”

மூடியை அவள் பானைமேல் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள், இல்லையென்றால் உடைத்திருப்பாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்துச் சுமந்தது ஒரு பாரம். எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் அது ஒரு பொருட்டில்லை என்பது வேறு பாரம். அவள் மகனின் குழியைச் சுற்றி உட்கார்ந்து இவர்கள் மது குடித்திருக்கிறார்கள். யாரும் கெட்டவன் இல்லை. ஒருத்தன்கூட எழுந்து, ‘அது அந்தப் பெண் பாடியது’ என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு கூடத்திலும் பாட்டு முடிந்ததும் ‘கின்ரிக் பாடியது’ என்றது இதோ இந்த வாய்.

“நீதானேடா ஒவ்வொரு தடவையும் பேர் சொல்லுவ?”

“வேற என்னத்தச் சொல்ல? சொன்னா என் வேலை போகும். உனக்கும் என்ன லாபம்?” அவன் ஒரு அடி கிட்டே வந்தான். குரல் மாறியது. “ஆனா இப்போ வழி இருக்கு. கடைசிப் பாட்டுல பாவம் சொல்லணும் இல்ல? இதையும் சொல்ல வை. மகளோட பாட்டை எடுத்தேன்னு ஆசான் வாயாலயே வரட்டும். நான் மூணு பள்ளத்தாக்கு முன்னாடி பாடறேன். எட்னிவெட் பிரபு முன்னாடி. நீ ஜெயிச்சுட்ட. எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்ப்பாங்க. என்ன சொல்ற?”

அவன் போனபிறகும் அவள் மோர்ப் பானையருகே நின்றாள்.

அவள் தேடவில்லை. அது தானாக வந்தது. ஆறு வருஷப் பழக்கம். அவர் குரலில் யோசிக்க அவளுக்குத் தனியாக முயற்சி வேண்டியதில்லை.

மகளின் துயரை உரித்து மேலுடை ஆக்கினேன்;
மார்பு சூடாயிருந்தது, மரியே.

முழங்காலில் யாரோ முட்டியால் தட்டியதுபோல எல்லா மெய்யும் தன் தன் இடத்தில் வந்து நின்றது. இதைவிட நல்ல அடி அவள் செய்ததில்லை. அப்பாவும் செய்ததில்லை. இதைக் கேட்டால் பிரபுவின் மனைவி நெஞ்சில் கைவைத்துக்கொள்வாள். வேடிக்கை பேசியவர்கள் தலையைக் குனிவார்கள். அடுத்த அடிகளும் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தன. அழைத்தால் போதும்.

மோரைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள். சாமி அடுப்போரம் தோல்சுருளைத் தொடைமேல் விரித்து, சுருங்கிய மூலையைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தார். மடத்தில் கவிராயர்களின் பாட்டையெல்லாம் புத்தகத்தில் எழுதிவைக்கிற வேலை அவருடையது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் புத்தகத்தை ஒருமுறை பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு பாட்டின் அடியிலும் சிவப்பு மையில் ஒரு வரி இருக்கும். அதுதான் பேர் என்று சொன்னார்கள்.

“ஒண்ணு கேக்கணும் சாமி.”

“கேளும்மா.”

“நான் ஒரு பாட்டுச் சொன்னா, என் பேர் போட்டு எழுதுவீங்களா?”

அவர் நிமிர்ந்தார். நல்ல மனிதர். நிஜமாகவே யோசித்தார்.

“உன் பேர் எதுக்கும்மா? எழுதறதுல எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா படிக்கிறவன் என்ன நினைப்பான்? பொம்பளை பேர் இருந்தா, ஏதோ கேலிக்குக் கட்டினதுன்னு நினைச்சுத் தாண்டிடுவான். நல்ல பாட்டா இருந்தா அது பொழைக்கணுமா வேண்டாமா? அப்பா பேர்ல இருந்தா பொழைக்கும்.” பிறகு கனிவாகச் சேர்த்தார்: “பாட்டு பொழைச்சாப் போதாதா?”

மாட்டுக்கொட்டிலிலிருந்து திரும்பி வந்த ஏவா, கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “உங்க குதிரையப் பத்தி நான் ஒரு பாட்டுக் கட்டியிருக்கேன் சாமி. நொண்டிக் குதிரையும் தொங்கு வயிறுமா ரெண்டும் ஒண்ணுபோலன்னு. ஆத்தங்கரையில பத்துப் பொம்பளைங்க பாடிட்டுதான் துணி துவைக்கறாங்க. அதையும் உங்க பேர்லயே எழுதிக்குங்க. பொழைக்கட்டும்.”

சாமிக்குக் காது சிவந்தது. டெய்யோ இருமலில் சிரிப்பை மறைத்தான்.

கெனெரிஸ் சிரிக்கவில்லை. அவள் அந்த அடக்க நாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் கல்லறைத் தோட்டம். டெய்யோ யாழோடு நிற்கிறான். மகளின் துயரை உரித்து மேலுடை ஆக்கினேன். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அழுகிறது. என்ன மனுஷன் பார், இதைக்கூட ஒத்துக்கொண்டான், சாகும்போது இப்படி ஒரு அடி. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும், அப்படிப்பட்ட ஒருவரிடம் பறிகொடுத்த புண்ணியவதி என்றுதான் பார்க்கிறார்கள். பாட்டு முடிகிறது. டெய்யோ நிமிர்ந்து வழக்கமான அந்த இரண்டே சொல்லைச் சொல்கிறான்: கின்ரிக் பாடியது.

அவர் செய்த பாவம் அவருடையது. அதற்கு அவர் வருந்தவில்லை, உத்திரத்தைப் பார்த்தார். அந்த வருத்தத்தையும் அவளே செய்து அவர் வாயில் வைக்க வேண்டுமாம்.

கட்டிலருகே போனாள். துணி முனையை மோரில் நனைத்து அவர் உதட்டில் தடவினாள். அவர் சப்பிக்கொண்டார். குழந்தைபோல என்று நினைக்கத் தோன்றியது, நினைக்க மறுத்தாள்.

“செஞ்...சியா?”

“இல்லை.”

இடது கண் அவள் முகத்தில் எதையோ தேடியது. பிறகு பயம் வந்தது அதில். சாவைப் பற்றிய பயமா, பாட்டில்லாத சாவைப் பற்றியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கு இரண்டும் ஒன்றாக இருந்திருக்கலாம். அவர் இடது கை எழுந்து அவள் முழங்காலைத் தேடிவந்தது. விரல் முட்டியால் தட்டியது. ஒன்று. இரண்டு. இடைவெளி. ஒன்று.

அவள் காலை நகர்த்தவில்லை. தட்டுகிற இடங்களில் சொற்கள் வந்து நின்றன, எல்லாம் வந்தன. வந்ததை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாள். பதினோரு வருஷ ஆத்திரம் முழுவதும் அதற்குத் தேவைப்பட்டது. கத்துவது இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் தட்டுவது தாளம் தப்பியது. பிறகு விரல்கள் சும்மா கிடந்தன. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. ஏவா வந்து குதிகாலிலிருந்து மேலே தொட்டுப் பார்த்தாள். “குளிர் முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு,” என்றாள். சாமி ஜெபம் சொன்னார். டெய்யோ மண்டியிட்டான். அவன் அழுதான். அவன் அவரை நேசித்தான்தான், அதிலும் சந்தேகமில்லை. கூரையில் மழை விட்டு, கதவிடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் வந்தபோது, ஒரு மூச்சுக்குப் பின் அடுத்த மூச்சு வரவில்லை. எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள். ஏவாதான் முதலில் எழுந்தாள்.

“வெந்நீர் வை,” என்றாள்.

இரண்டு பெண்களும் சேர்ந்து அவரைக் கழுவினார்கள். காலையில் துடைத்த உடம்புதான். மறுபடியும் துடைத்தார்கள். முதுகைப் புரட்டும்போது ஏவா, “பாட்டுக்காரனுக்கு என்னா கனம்,” என்றாள். சாமியும் டெய்யோவும் தட்டிக்கு அந்தப்பக்கம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு டெய்யோ வந்து, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான்.

“அக்கா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. நேத்து சாயங்காலம் கொஞ்சம் தெளிஞ்சு பேசினாருன்னு சொல்லிக்கலாம். உள்ள நம்ம நாலு பேருதான். சாமிக்கும் ஆட்சேபம் இல்லை. ஏவா வெளியில சொல்ல மாட்டா.”

“என்னை எதுக்குடா இழுக்குற? நான் பிணம் கழுவ வந்தவ,” என்றாள் ஏவா.

“ஆசானுக்காக. எனக்காக வேண்டாம். அவர் ஒரு நாய் மாதிரி வாயத் திறக்காம போயிட்டாருன்னு ஊரெல்லாம் பேசுமே, அது உனக்குச் சம்மதமா? எட்டு அடி போதும். நாலு அடி குடு, போதும்.”

தட்டிக்கு அந்தப்பக்கத்திலிருந்து சாமி கேட்டார்: “கடைசியா என்ன சொன்னாரும்மா? ஏதாவது சொன்னாரா?”

கெனெரிஸ் நார்த்துணியை நீளவாக்கில் கிழித்தாள். ஒரு பட்டையை அப்பாவின் தாடைக்கு அடியில் கொடுத்து இரண்டு முனைகளையும் உச்சிக்குக் கொண்டுபோனாள்.

“தாடையை மேல தள்ளிப் பிடிங்க,” என்றாள் ஏவாவிடம்.

ஏவா பிடித்தாள். இழுத்துக்கொண்டிருந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது. நையாண்டி போய், சாதாரண ஒரு கிழவரின் முகமாக அது ஆயிற்று.

“ஒண்ணும் சொல்லலை சாமி,” என்றாள் கெனெரிஸ்.

“யோசிச்சுப் பாரும்மா.”

“யோசிச்சுட்டேன். ஒண்ணும் சொல்லலை.”

டெய்யோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனான். அவள் இரண்டு முனைகளையும் உச்சியில் வைத்து முடிச்சிட்டாள். காதோரமாகத் துணிக்குள் தாடி மயிர் கொஞ்சம் மாட்டிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து, நகத்தால், அதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டாள்.